கொழுந்தனாரின் மூன்று விநாடி

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் பாக்யலட்சுமி என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருத்தி பால் ஊற்றுகிறவள். இன்னொருத்தி வாய்ச்சண்டைக்குப் பேர் போனவள். மூன்றாவது ஆளை 'கும்பிடு பாக்யா' என்று சொன்னால்தான் தபால்காரருக்கே அடையாளம் தெரியும். இது அந்த மூன்றாவது ஆளின் கதை.

எல்லாவற்றுக்கும் காரணம் அவளுடைய வலது கை. எந்த வேலையைத் தொடங்கினாலும் அந்தக் கை முதலில் போய் எதிரே இருக்கும் பொருளைத் தொடும், தொட்ட விரல்களைக் கொண்டுவந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும், அப்புறம்தான் வேலை. அடுப்பு, தையல் மிஷின், குழாயடிக் குடம், ரயில் படி என்று எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. ஒருமுறை ஆண்டர்சன்பேட்டையில் பல் பிடுங்கப் போனவள், டாக்டர் கையிலிருந்த குறட்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் மனம் உருகிப் போய் நிற்க, பல் தானாகவே கழன்று அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது என்று அவளுடைய ரயில் சிநேகிதி இசபெல்லா சொல்வாள். இசபெல்லா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும், மிச்சத்தை வைத்து ஒரு குடும்பம் நடத்தலாம்.

இந்தப் பழக்கம் பாக்யா கண்டுபிடித்தது இல்லை. சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிஃப்டுக்குப் போகிற ஆள் கேஜுக்குள் கால் வைக்குமுன் அதன் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆளை ஏற்றிக்கொண்டு பூமியின் வயிற்றுக்குள் இறங்குகிற இரும்புக் கூண்டு அது. அதனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறுவது மரியாதையா? அவள் அப்பா சம்பங்கி முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் ஏறினார், முழுசாக மேலே வந்தார். சுரங்கத்தை மூடிய பிறகும் சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். சளி பிடிப்பது போல அது மகளுக்கும் பிடித்துக்கொண்டது.

மகள் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி. பத்தாவது முடித்ததும் கல்யாணம். கணவன் மாணிக்கராஜ் பங்காருபேட்டையில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறவன், நல்ல மனுஷன், சிரித்தால் கடை டயர்களெல்லாம் அதிரும். பாக்யா பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து பதினாலு வருஷம் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்தாள். அவள் தைத்த காலர்களை வரிசையாக வைத்தால் மாரிக்குப்பத்திலிருந்து மாலூர்வரை வரும். ஒரு நாள் காலர் தைக்க ஒரு மிஷின் வந்தது. அன்று சாயங்காலமே நாற்பது பேரை வாசலில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாக்யா அந்த லட்டை ரயில் ஜன்னல் வழியே ஒரு காக்காய்க்குப் போட்டாள். காக்காயும் அதைத் தொடவில்லை.

நாலு மாசம் வீட்டில் இருந்தாள். பிறகு இசபெல்லாதான் வழி சொன்னாள்.

"அக்கா, ஹூடி ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கம்பெனி கீது. நான் அங்கதான் போய்கினு இருக்கேன். கை சுறுசுறுப்பா இருக்கிற பொம்பளைங்க வேணுமாம்."

"இன்னா வேலைமே?"

"ரோபோவுக்குக் கை வேலை கத்துக் குடுக்கணும்."

"வாய் வேலை வேணாமா?"

"அது நமக்கே பத்தல, அதுக்கு வேற குடுக்கணுமா? வாங்க."

"ஒரு மிஷின் என் நாற்காலியைப் புடுங்கிச்சு. இன்னொரு மிஷினுக்கு நானே உட்காரக் கத்துக் குடுக்கணுமா?"

"அது உட்காராதுக்கா. நின்னுகினே இருக்கும். நாற்காலி நம்மளுதுதான்."

போய்ப் பார்த்தால், பெரிய ஹாலில் ஆறு ரோபோக்கள் நின்றன. ஆள் உயரம், தலையில் இரண்டு கேமரா கண்கள், ஒவ்வொரு கையிலும் ஐந்தைந்து விரல்கள். நடை மட்டும் புதுச்செருப்புப் போட்ட மாப்பிள்ளை மாதிரி. ஒவ்வொரு ரோபோவுக்கும் எதிரே ஒரு பெண். அந்தப் பெண், கம்பிகள் ஓடுகிற கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தால், அவள் விரல் எப்படி வளைகிறதோ அப்படியே எதிரே இருக்கிற விரலும் வளையும். அத்தனையும் பதிவாகும். வாரக்கணக்கில் பதிவு சேர்ந்த பிறகு, அது தானாகவே செய்யப் பழகிக்கொள்ளும். பழகியபின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பார்கள்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற டிரே ஒன்றில் இரண்டு கண்ணாடி மருந்துக் குப்பிகள், பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் அடுக்கி, மூடி, மேலே ஒரு ஸ்டிக்கரைப் பிரித்து ஒட்ட வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஸ்டிக்கரைப் பின்தாளிலிருந்து பிரிப்பதில்தான் உலகத்து ரோபோக்களெல்லாம் தோற்றுப் போயிருந்தன. பாக்யா தாளை லேசாக முதுகுப் பக்கம் வளைப்பாள், ஸ்டிக்கரின் மூலை தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி தானே தலை தூக்கும், கட்டைவிரல் போய்த் தாங்கிக்கொள்ளும். இதை ஐந்து வாரத்தில் அவளுடைய நாலாம் நம்பர் பிடித்துக்கொண்டது.

நாலாம் நம்பர் என்று கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. ஆம்பளை மாதிரி எதிரே நிற்கிறது. அண்ணா என்று கூப்பிட்டால் முறைக்கிற மாதிரி இருந்தது. கொழுந்தனார் என்று வைத்தாள். கேலியும் செய்யலாம், வேலையும் வாங்கலாம்.

"கொழுந்தனாரே, பஞ்சை அப்படியா அமுக்குவாங்க? அது இன்னா இட்லியா?"

வீட்டில் இதைச் சொன்னபோது மாணிக்கராஜ் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டான். "எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ள. எனக்குத் தெரியாம எப்ப தம்பி பொறந்தான்?"

"உங்களைவிடச் சொன்ன பேச்சு கேக்கறான். அதனால உங்க ரத்தமா இருக்க வாய்ப்பில்ல, போங்க."

பதினோரு வாரம் முடிந்து வந்த திங்கட்கிழமை, இன்ஜினியர் விநாயக் வந்து அவள் மேஜைப் பக்கம் நின்றான். இருபத்தாறு வயசு, கன்னட வீட்டுப் பையன், தமிழும் பேசுவான், குரலை உயர்த்தத் தெரியாதவன். அன்று கொழுந்தனார் முதன்முதலாக யாரும் கையுறை போடாமல் ஒரு முழு டிரேயைத் தானே அடுக்கியது. அடுக்குமுன் வலது கையை நீட்டி டிரேயைத் தொட்டது. அந்த விரல்களைக் கொண்டுபோய்த் தன் இரண்டு கேமரா கண்களிலும் ஒற்றிக்கொண்டது. பிறகு குப்பியை எடுத்தது. அடுத்த டிரே வந்தது. மறுபடி தொட்டது, மறுபடி கண்ணில் ஒற்றியது.

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு வெடித்தது. இசபெல்லா கையுறையோடு கை தட்ட, எதிரே அவளுடைய ரோபோவும் கை தட்டியது. விநாயக் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒந்து நிமிஷா வாங்க. இதை யார் கத்துக் கொடுத்தது?"

பாக்யா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். பதினோரு வாரமும் ஒவ்வொரு டிரேக்கும் தன் கை அப்படிச் செய்துகொண்டிருந்ததை அவளே கவனிக்கவில்லை. மூச்சு விடுவதை யார் எண்ணுவார்கள்? எதிரே கொழுந்தனாரும் கூடவே அதைச் செய்ததை, பாக்யா கும்பிடுகிறாள் என்று மற்றவர்களும் விட்டிருந்தார்கள்.

"ஒரு டிரேக்கு மூணு செகண்ட் வேஸ்ட் அக்கா. ஆயிரம் டிரேக்கு அம்பது நிமிஷம். கஸ்டமர் பார்த்தா ரோபோ கும்பிடுதேன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே சார். நாங்க கும்பிட்டதைப் பார்த்து இதுவரைக்கும் யாரும் அழுததில்ல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னான். வியாழக்கிழமை கஸ்டமர் வருகிறார்கள். நாலாம் நம்பரைக் காட்ட முடியாது. அவளுடைய பதினோரு வாரப் பதிவையும் வெள்ளிக்கிழமை அழித்துவிடப் போகிறார்கள். வியாழனுக்குள் இந்தக் கும்பிடு இல்லாமல் ஒரு நாள் பதிவு சுத்தமாகச் செய்து காட்டினால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் வெள்ளியோடு சரி.

இரண்டாவது தடவையாக ஒரு மிஷின் தன்னை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாக்யாவுக்குப் புரிந்தது. இந்தத் தடவை அந்த மிஷினை வளர்த்ததும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை கையை அடக்கப் பார்த்தாள். டிரே வந்ததும் வாய்க்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாள். வாய்ப்பாடு தவறியது, கை தவறவில்லை. இசபெல்லா தன் துப்பட்டாவால் அவள் வலது முழங்கையை நாற்காலியோடு கட்டிப் பார்த்தாள். இடது கை போய் டிரேயைத் தொட்டுவிட்டு வந்தது.

"இன்னாக்கா இது, ரெண்டு கையும் கூட்டுச் சதியா?"

"கட்டினவ ரெண்டையும் கட்டியிருக்கணும்."

"ரெண்டையும் கட்டினா டிரேயை மூக்காலயா அடுக்குவீங்க?"

புதன்கிழமை நாற்பது டிரே பதிவு செய்தாள். முப்பத்தெட்டில் கும்பிடு இருந்தது. மீதி இரண்டில் இல்லாததற்குக் காரணம், அப்போது அவளுக்குத் தும்மல் வந்ததுதான். அன்று சாயங்கால ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கை சொன்ன பேச்சு கேட்காமல் இல்லை. நிறுத்த வேண்டும் என்று அவள் அதற்கு ஒருமுறையாவது மனசாரச் சொன்னால்தானே? ஒரு பொருளை ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

"வேலை போனா போவட்டும்" என்றான் மாணிக்கராஜ், வீட்டில். "கை வீட்டுக்கு வந்துடுச்சில்ல?"

"எனக்கு இன்னா வருத்தம்னா, நான் போறதுகூட இல்ல. அதைக் கெட்டுப்போன புள்ளைன்னு அழிச்சிடுவாங்க. ஸ்டிக்கர் பிரிக்க அதைவிட நல்ல கை அந்த ஹாலிலேயே கிடையாது."

வியாழக்கிழமை லவினா மேடம் வந்தார்கள். சென்னையில் மருந்து டிரே தயாரிக்கிற கம்பெனிக்காரர். சிரிப்பு குறைவு, கவனிப்பு அதிகம். தங்கள் கம்பெனி ஸ்டிக்கர் சுருள்களையே பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். கொழுந்தனாரை மூலையில் நிறுத்தி மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். கல்யாண வீட்டில் வம்புக்கார மாமாவைப் பின்கட்டில் உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி. பாக்யாவுக்கும் அந்த மூலையில்தான் ஸ்டூல்.

மற்ற ஐந்தும் தொடங்கின. அடடா, என்ன வேகம்! கும்பிடு கிடையாது, தயக்கம் கிடையாது. டிரேக்கள் மலை மாதிரி குவிந்தன. விநாயக் முகத்தில் வெளிச்சம் வந்தது. லவினா மேடம்கூட ஒரு தடவை தலையாட்டினார்கள்.

பதினேழு நிமிஷம் அப்படிப் போயிற்று.

மேடம் கொண்டுவந்த ஸ்டிக்கருக்குப் பசை அதிகம். பிரிக்கும்போது பின்தாள் கிழிந்து, ஒரு பிசிறு ரோபோவின் விரல் நுனியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. பெண்களுக்கு ஒட்டினால் உதறிவிடுவார்கள். ரோபோவின் கண்கள் மேலேயிருந்து டிரேயைப் பார்க்கின்றன. விரலின் உள்பக்கம் அதற்குத் தெரியவே தெரியாது. விரல் நுனியிலோ தொடுகிறதை உணர்கிற மெத்தை. பிசிறு ஒட்டியதும், எதையோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றே அது நினைத்துக்கொண்டது.

ரெண்டாம் நம்பர் ஒரு குப்பியை எடுத்தது, விடமாட்டேன் என்றது. கையை விரித்தாலும் குப்பி விரலில் தொங்கியது. நகைக்கடையில் வளையல் போட்டுப் பார்ப்பது போல அந்தக் கையை இப்படியும் அப்படியும் திருப்பியது. அஞ்சாம் நம்பர் ஸ்டிக்கரைத் தன் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு, தன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயாராக நின்றது. ஒண்ணாம் நம்பர் எதையும் பிடிக்காத கையை இறுக்கி மூடிக்கொண்டு யோசனையில் ஆழ்ந்தது. குப்பி ஒன்று விழுந்து உடைந்தது. விநாயக் எல்லாவற்றையும் நிறுத்தி, விரல்களைத் துடைத்து, மறுபடி ஓடவிட்டான். நாலு நிமிஷம். மறுபடி அதே கூத்து.

லவினா மேடம் கண்ணாடிச் சில்லைக் குனிந்து பார்த்தார்கள். "இது நோயாளிக்குப் போற சாமான் தம்பி. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை கை துடைச்சு விட ஆள் வைக்கணும்னா, நான் அந்த ஆளையே அடுக்கச் சொல்லிட மாட்டேனா?" கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

பாக்யா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். போர்வையை ஒரே இழுப்பில் உருவினாள்.

"சார், எங்க கொழுந்தனாரை ஒரு தடவை விடுங்க."

விநாயக் பதறினான். "அக்கா, பேடா, வேணாம். ப்ளீஸ்."

"அழிக்கிறது நாளைக்குத்தானே? இன்னைக்கு உயிரோடதானே கீது? நாளையோட போகப் போறவ கேக்குறேன். ஒரே ஒரு டிரே."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "விடுங்க, பாத்துடலாம்" என்றார்கள்.

கொழுந்தனார் புதுச்செருப்பு நடை நடந்து மேஜைக்கு வந்தது. டிரேயைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாக்யா காது கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று காலி டிரேயை நகர்த்திக் கொடுத்தாள், அடுக்கியதை மூடினாள். முதல் டிரே சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் ஸ்டிக்கர் பிரிக்கும்போது பின்தாள் கிழிந்து, ஆள்காட்டி விரலில் பிசிறு ஒட்டிக்கொண்டதை அவள் பார்த்தாள். அடுத்த காலி டிரேயை நகர்த்தி வைத்தாள்.

நாலாவது டிரே வந்தது. கொழுந்தனார் தொட்டது. விரல்களைக் கண்ணுக்குக் கொண்டுபோனது. அங்கேயே நின்றது.

கேமரா கண்கள் இரண்டும் அந்த விரல் நுனியையே பார்த்தன. பிறகு கட்டைவிரல் மெதுவாக வந்து ஆள்காட்டி விரலை ஒரு தேய், இன்னொரு தேய். பிசிறு சுருண்டு கீழே விழுந்தது. கொழுந்தனார் ஒன்றும் நடக்காதது போலக் குப்பியை எடுத்தது.

பத்து டிரே ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. மேடத்தின் பை எப்போது மேஜைமேல் வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. இருநூறு டிரே முடியும்வரை ஒரு குப்பி உடையவில்லை, யாரும் விரல் துடைக்கவில்லை. கடைசியில் கொழுந்தனார் வேர்த்துப்போய் நெற்றியைத் துடைத்துக்கொண்டதாக இசபெல்லா சொல்கிறாள். அதை மட்டும் தள்ளிவிடுங்கள்.

"கண்ணுகிட்டே கையைக் கொண்டுபோய் என்ன செய்யுது?" என்று கேட்டார்கள் மேடம்.

அதற்குள் விநாயக் கம்ப்யூட்டரில் கொழுந்தனாரின் கண் பார்த்த படத்தை ஓடவிட்டிருந்தான். டிரே, டிரே, டிரே. அந்த மூன்று விநாடியில் மட்டும் ஐந்து விரல்களின் உள்பக்கமும் திரை நிறையத் தெரிந்தது. அவனுக்கு நேர்மை உண்டு. எல்லார் முன்னாலும் சொன்னான்.

"மத்த அஞ்சும் தன் விரலையே ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல மேடம். இது ஒவ்வொரு டிரேக்கும் பார்க்குது. அக்கா கும்பிடும்போது கையுறையில தூசி, பிசிறு ஏதாவது தெரிஞ்சா தேச்சு விட்டிருக்காங்க. அதையும் கத்துக்கிட்டிருக்கு. இந்த மூணு செகண்டை வேஸ்ட்னு சொல்லி அழிக்க எழுதிக் கொடுத்தது நான்தான்."

மேடம் பாக்யா பக்கம் திரும்பினார்கள். "விரலைப் பார்க்கணும்னு யோசிச்சுத்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்ல எத்தனை நல்ல சமயம்! இசபெல்லா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள்.

"அப்படிச் சொன்னா பொய்ங்க மேடம். நான் மரியாதைதான் சொல்லிக் குடுத்தேன். பார்க்கிறதை அதுவா கத்துகிச்சு."

அன்றுதான் லவினா மேடம் சிரித்தார்கள். ஆறும் இதே மாதிரி விரலைப் பார்த்து வேலை செய்தால் எங்கள் வேலை உங்களுக்கு என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவள், ஹாலின் நடுவில் நின்று ஐந்து பெண்களுக்குப் பாடம் எடுத்தாள். இசபெல்லா கையைத் தூக்கினாள்.

"அக்கா, நான் வேதக்காரி. டிரேயைத் தொட்டு நான் எப்படிக் கும்பிடுறது?"

விநாயக் அவசரமாகச் சொன்னான்: "விரல் கண்ணுக்கு முன்னாடி வந்தா போதும். எப்படி வந்தாலும் சரி."

அப்புறம் என்ன, இசபெல்லாவின் ரோபோ நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டது. பௌத்தக் குடும்பத்து நிவேதாவின் ரோபோ இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே விரித்து, பிறகு குவித்து வணங்கியது. சாமி விஷயமே வேண்டாம் என்கிற நளினியின் ரோபோ, பஸ்ஸில் பவுடர் சரிபார்க்கிற பெண் போல உள்ளங்கையையே கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டது. ஆறுக்கும் விரல் சுத்தம்.

சொல்லிக்கொடுக்கிற பிரிவுக்கே அவளைத் தலைவியாக்கி ஒரு கடிதம் கொண்டுவந்தான் விநாயக். பாக்யா பேனாவை வாங்கவில்லை.

"அந்தப் பதினோரு வாரப் பதிவுக்கு இன்னா பேர் வெச்சிருக்கீங்க சார்?"

அவன் நெளிந்தான். "நாலாம் நம்பர், குறை."

"முதல்ல அதை மாத்துங்க."

அவள் கண்ணெதிரே அவன் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 'பாக்யலட்சுமி, சாம்பியன் ரீஃப்' என்று அடித்தான். ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. அதையும் திருத்த வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

புது ஆர்டருக்குப் புதுசாக எட்டுப் பேர் வேண்டும், நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வண்டியில் இந்தச் செய்தி அவளுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. காலர் தைத்தவர்கள், பொத்தான் வைத்தவர்கள், ஊதுபத்தி உருட்டுகிறவர்கள், பூதிகோட்டையிலிருந்து பஸ் பிடித்து பங்காருபேட்டையில் ஏறிய தக்காளிக்காரி பாப்பம்மா, எல்லாரும் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். பாக்யா ஒவ்வொரு கையாக வாங்கினாள். விரலை வளைத்துப் பார்த்தாள், நுனியை அமுக்கிப் பார்த்தாள்.

"உனக்குக் கை நல்லா கீது. வாய்தான் கொஞ்சம் நீளம். பரவால்ல, வா."

டேகல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஏழு பேர் முடிந்துவிட்டார்கள். எட்டாவதாக ஒரு கை நீண்டது. பாக்யா நிமிர்ந்து பார்க்காமல் அதையும் வாங்கி, ஐந்து விரலையும் வளைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நகம் வெட்டணும். விரல் நல்லா வளையுது. நாளையிலருந்து வந்துடுங்க."

"அம்மா, நான் டிக்கெட் கேட்டேன்" என்றார் பரிசோதகர்.

வண்டி முழுக்கச் சிரித்தது. பாக்யா பாஸை எடுத்துக் காட்டிவிட்டு, அவர் விரல்களை இன்னொரு தரம் பார்த்தாள்.

"தாள் கிழிச்சுக் கிழிச்சுப் பழகின கைங்க சார் இது. யோசிச்சு மாலூர் வர்றதுக்குள்ள சொல்லுங்க. பின்னால ஆள் நிக்கறாங்க."